ஒபினெல் கத்தியின் வளையம்

மடக்குக் கத்தியைக் கையில் எடுத்தால் நான் முதலில் பார்ப்பது பூட்டைத்தான். சிறிய சுவிஸ் கத்திகளில் முதுகிலுள்ள வில்தான் அலகை அழுத்திப் பிடிக்கும், பூட்டு கிடையாது. பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் 1890இல் ஜோசப் ஒபினெல் செய்த கத்தியிலும் முதலில் பூட்டு இல்லை. 1955இல் மார்செல் ஒபினெல் அதன் கழுத்தில் சுழலும் எஃகு வளையம் ஒன்றை மாட்டினார். வளையத்தில் ஒரு பிளவு. அது அலகுக்கு நேராக இருந்தால் கத்தி மடங்கும். விரித்தபின் விரலால் சற்றே திருகினால், வளையம் அலகின் அடியில் குறுக்கே வந்து நிற்கும். அழுத்தி வெட்டினாலும் விரல்மேல் மடங்காது. என்ன அழகான யோசனை!

பீச் மரப்பிடி ஈரத்தில் உப்பினால் அலகு வெளியே வர அடம்பிடிக்கும். பிடியின் முனையை மேசையில் ஒரு தட்டு தட்டினால் தலைநீட்டும். சவோய்க்காரர்களின் வழக்கம் அது. மடக்குக் கத்திக்கு அந்த வளையத்தைவிட எளிய பூட்டு இல்லை என்பேன்.