ஆடிட்டரை அமர்த்துவது யார்?

சின்னாளப்பட்டியில் ஆடிட்டர் என்றால் இரண்டு விதமான ஆட்கள். நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்துக்கு வருபவர் அரசு ஊழியர். நிதித்துறையின் கீழுள்ள கூட்டுறவுத் தணிக்கைத் துறை அனுப்பி வைப்பவர். ஜவுளிக் கம்பெனிக்கு வருபவர் திண்டுக்கல்லிலோ மதுரையிலோ அலுவலகம் வைத்திருக்கும் பட்டயக் கணக்காளர். முன்னவரை அனுப்புவது துறை. பின்னவரைச் சட்டப்படி பங்குதாரர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்தச் ‘சட்டப்படி’ நம் ஊர்களில் என்னவாகிறது என்று பார்க்கலாம்.

2013ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டம் 139ஆம் பிரிவில் வகுத்த முறை எளிது. கம்பெனி பதிவான 30 நாளுக்குள் இயக்குநர்கள் முதல் ஆடிட்டரை நியமிக்க வேண்டும். அவர் பதவி முதல் ஆண்டுப் பொதுக்கூட்டம் வரைதான். அந்தக் கூட்டத்தில் பங்குதாரர்கள் நியமிப்பவர் ஆறாவது ஆண்டுக்கூட்டம் முடியும் வரை இருப்பார். பதினைந்து நாளுக்குள் நியமனத்தைத் தெரிவிக்கும் ஏடிடி-1 படிவம் கம்பெனிப் பதிவாளருக்குப் போக வேண்டும். இதில் நான் மெச்சுவது, நீக்குவதற்குப் போட்டிருக்கும் பூட்டை. இடையில் அவரை அனுப்ப மத்திய அரசின் முன் அனுமதியும் வேண்டும், பங்குதாரர்களின் சிறப்புத் தீர்மானமும் வேண்டும். வில்லங்கமான கேள்வி கேட்டார் என்பதற்காக மறுநாளே ஆளை மாற்ற முடியாது. நியமனத்தை ஆண்டுதோறும் உறுதிசெய்யும் சடங்கு ஒன்று இருந்தது. 2018 மே மாதத்தில் அதையும் எடுத்துவிட்டார்கள். ஐந்தாண்டு என்று சொல்லிவிட்டு வருஷா வருஷம் வாசலில் நிறுத்தி வைப்பதில் அர்த்தமில்லை.

பூட்டு நல்ல பூட்டுதான். ஆனால் நம் பக்கத்துச் சிறு தனியார் கம்பெனிகளில் பங்குதாரரும் இயக்குநரும் ஒரே வீட்டில் சாப்பிடுகிறவர்கள். அண்ணன், தம்பி, அண்ணி. பொதுக்கூட்டம் பெரும்பாலும் தீர்மானப் புத்தகத்தில் மட்டுமே நடக்கும். அந்தத் தீர்மானத்தை எழுதிக் கொடுப்பதும் பல சமயம் ஆடிட்டர் ஆபீஸ்தான். ஜிஎஸ்டி, வருமான வரி, பாங்கு லோனுக்கான ரிப்போர்ட் என்று எல்லாவற்றுக்கும் அதே படி ஏற வேண்டும். தணிக்கை செய்கிறவரே கணக்கும் எழுதக் கூடாது என்கிறது 144ஆம் பிரிவு. சிறு ஊரில் அந்தக் கோடு பெரும்பாலும் அழிந்துதான் கிடக்கிறது. ஆடிட்டர்களை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. சிறு கம்பெனி தரும் தணிக்கைக் கட்டணத்தை மட்டும் நம்பி ஆபீஸ் வாடகை கட்ட முடியாது.

ஜவுளியில் இதன் விளைவு சரக்குக் கணக்கில் தெரியும். சுங்குடிச் சேலை வியாபாரியின் சொத்து கல்லாவில் இருப்பதில்லை. நெசவாளர் வீட்டுக்குப் போன பாவு, தறியில் பாதி நெய்து நிற்கும் சேலை, சாயத்துக்குப் போன நூல், கூலியில் கழிக்க வேண்டிய முன்பணம், கடனுக்கு வெளியூர்க் கடைகளுக்குப் போன பண்டல் என்று ஊரெல்லாம் சிதறிக் கிடக்கும். இரண்டு தீபாவளி தாண்டியும் விற்காத சேலையை அடக்க விலையிலேயே ஏட்டில் வைத்தால் நஷ்டம் லாபமாகத் தெரியும். மார்ச் 31 அன்று அலமாரியைத் திறந்து எண்ணச் சொல்லும் ஆடிட்டரும், முதலாளி கொடுத்த பட்டியலில் கையெழுத்துப் போடும் ஆடிட்டரும் ஏடிடி-1 படிவத்தில் ஒன்றுபோலத்தான் இருப்பார்கள். இருவருக்கும் உள்ள வித்தியாசம் பாங்குகளுக்குத் தெரியும். அதனால்தான் பெரிய கேஷ் கிரெடிட் கணக்குகளுக்குத் தங்கள் செலவில்லாமல், கடன்காரர் செலவிலேயே, தனியாக ஸ்டாக் ஆடிட்டரை அனுப்புகின்றன. முதல் கையெழுத்தில் நம்பிக்கை இருந்தால் இரண்டாவது எதற்கு?

பெரிய கம்பெனிகளுக்கு வேறு மருந்து கொடுத்தார்கள். 2009 ஜனவரி 7 அன்று சத்யம் மென்பொருள் கம்பெனியின் தலைவர் ராமலிங்க ராஜு, கணக்கில் காட்டிய 5,040 கோடி ரூபாய் ரொக்கமும் பாங்கு இருப்பும் இல்லை என்று கடிதம் எழுதினார். அந்தக் கணக்கை ஆண்டுக்கணக்கில் ஒரே தணிக்கைக் குழுமம்தான் பார்த்துவந்தது. அதன் பிறகு வந்த 2013ஆம் ஆண்டுச் சட்டம் ஆடிட்டர் சுழற்சியைக் கட்டாயமாக்கியது: தனியாள் என்றால் ஐந்தாண்டு, நிறுவனம் என்றால் பத்தாண்டு, பிறகு ஐந்தாண்டு இடைவெளி. 2018 அக்டோபரில் ஆடிட்டர்களைக் கண்காணிக்கத் தேசிய நிதி அறிக்கை ஆணையமும் வந்தது. ஆனால் சுழற்சி பட்டியலிட்ட கம்பெனிகளுக்கும், மூலதனமோ கடனோ பெரிதாக உள்ள கம்பெனிகளுக்கும்தான். செலுத்திய மூலதனம் 50 கோடிக்குக் கீழுள்ள, பெரிய கடன் இல்லாத தனியார் கம்பெனிக்கு அது பொருந்தாது.

சுழற்சி இல்லாத இடத்தில் மிஞ்சுவது ஆடிட்டரின் நேர்மைதான். ஜே.சி. குமரப்பாவை இந்தப் பக்கத்தில் காந்தியப் பொருளாதார அறிஞராக அறிவார்கள். கடைசிக் காலத்தில் தே. கல்லுப்பட்டியில் வாழ்ந்தவர். லண்டனில் கணக்காளராகப் பயிற்சி பெற்று பம்பாயில் தணிக்கைத் தொழில் செய்தவர் என்பது அதிகம் பேசப்படுவதில்லை. 1934 பீகார் நிலநடுக்க நிவாரணத்தில் நிதிப் பொறுப்பில் இருந்தபோது, காந்தியுடன் வந்தவர்களின் செலவையே நிவாரண நிதியிலிருந்து தர மறுத்தார். எல்லா ஊருக்கும் ஒரு குமரப்பா கிடைக்க மாட்டார். ஆள் எப்படி இருந்தாலும் தாங்கும் முறைதான் நமக்கு வேண்டியது.

அரசு அனுப்பும் ஆடிட்டர் அப்படிப்பட்ட முறையா? பாதி மட்டும். அவர் வேலையைச் சங்கத் தலைவர் பறிக்க முடியாது. அது பெரிய பலம். ஆனால் சங்கத்துக்கு ரிபேட் மானியம் தருவதும் அரசு, கணக்குப் பார்க்க ஆள் அனுப்புவதும் அரசு. பாவு வாங்கி நெய்கிற உறுப்பினருக்கு இதில் குரலே இல்லை. 2012இல் நடைமுறைக்கு வந்த 97ஆவது அரசியல் சட்டத் திருத்தம், மாநில அரசு ஏற்ற பட்டியலிலிருந்து சங்கப் பேரவையே ஆடிட்டரை நியமிக்க வேண்டும் என்றது. இரண்டின் நல்லதையும் சேர்த்த ஏற்பாடு. மாநிலச் சட்டமன்றங்களில் பாதியின் ஒப்புதல் பெறவில்லை என்ற காரணத்தால், மாநிலச் சங்கங்களைப் பொறுத்தவரை அது செல்லாது என 2021 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. யோசனை தவறு என்று நீதிமன்றம் சொல்லவில்லை.

என் கணிப்பு இது. வீட்டுக் கம்பெனியில் பங்குதாரர் வாக்கு வெறும் சடங்கு. அங்கே நியமனத்துக்குக் கடன் கொடுத்த பாங்கின் இசைவையும் கேட்பது நியாயம். உற்பத்தி செய்கிறவர்களே பங்குதாரர்களாக இருக்கும் உற்பத்தியாளர் கம்பெனி வேறு. கைத்தறி நெசவாளர்கள் பத்துப் பேர் சேர்ந்தாலும் தொடங்கலாம். எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரு வாக்கு. கணக்கு பொய்யானால் நஷ்டப்படுகிறவரும் ஆடிட்டரைத் தேர்ந்தெடுக்கிறவரும் இங்கேதான் ஒரே ஆள். சட்டம் நினைத்த பங்குதாரர் இவர்தான். இவருக்குச் சுழற்சிப் பாதுகாப்பு இல்லாதது சட்டத்தின் பெரிய ஓட்டை. மூலதன அளவைப் பாராமல் இவ்வகைக் கம்பெனிகளுக்கு அதை நீட்டிக்க வேண்டும்.

அதுவரை காத்திருக்கவும் தேவையில்லை. கம்பெனி விலக்கு அளித்தாலொழிய ஆடிட்டர் பொதுக்கூட்டத்துக்கு வர வேண்டும் என்று 146ஆம் பிரிவு சொல்கிறது. தானே வராவிட்டால் தகுதியுள்ள இன்னொரு ஆடிட்டரை அனுப்பலாம். பங்கு வைத்திருக்கும் நெசவாளர்கள் அடுத்த கூட்டத்தில் அவருக்கு விலக்குக் கொடுக்க வேண்டாம். வரச் சொல்லுங்கள், தறியில் நிற்கும் சேலையை எப்படி எண்ணினார் என்று எல்லோர் முன்னாலும் கேளுங்கள்.