சுரத்துக்கும் சுரத்துக்கும் நடுவே

அல்சூர்ப் பக்கம் நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் கர்நாடக இசையைக் கீபோர்டில் கற்கிறார்கள். மாயாமாளவகௌளை வரிசைகளைப் பிசகாமல் வாசிக்கிறார்கள். சுரம் சரி, தாளமும் சரி. ஆனால் தோடிக்கு வந்தால் மட்டும், "என்னமோ குறையுதே!" என்று தோன்றுகிறது.

குறைவது சுரமல்ல, சுரத்துக்குப் போகும் வழி. தோடியின் காந்தாரம் ஒரே இடத்தில் நிற்பதில்லை. ரிஷபத்துக்கும் மத்திமத்துக்கும் இடையே அசைந்துகொண்டே இருக்கும். ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்வதை ஜாரு என்பார்கள். 1904-இல் எட்டயபுரத்திலிருந்து வெளிவந்த சுப்பராம தீட்சிதரின் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' ஏற்ற ஜாருவுக்கும் இறக்க ஜாருவுக்கும் தனித்தனிக் குறிகளே தருகிறது. ஆகவே இது பாடகர் விருப்பப்படி சேர்க்கும் அலங்காரமன்று, ராகத்தின் உச்சரிப்பு. ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துத் தேவாரம் படிக்கும் குழந்தைக்கு 'ழ' நழுவிப்போகிறதே, அதே கதைதான்.

வாத்தியங்கள் இதற்கு வழி கண்டிருக்கின்றன. வீணையில் 24 மெட்டுகள் இருந்தும் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து நடுவிலுள்ள நாதத்தைப் பிடிக்கிறோம். நாகசுரத்தில் மூச்சும் சீவாளியில் படும் உதடும் அதைச் செய்கின்றன. கோட்டுவாத்தியத்துக்கு மெட்டே கிடையாது. தந்தியின் மேல் கட்டை வழுக்கிச் செல்கிறது.

பெரிய புராணத்தில் ஒரு நிகழ்ச்சி. தருமபுரத்தில் சம்பந்தர் பாடிய பதிகம் யாழில் அடங்கவில்லை. திருநீலகண்ட யாழ்ப்பாணர் யாழையே உடைக்க முனைந்தார், சம்பந்தர் தடுத்தார். அது 'யாழ்முரி' எனப் பெயர் பெற்றது. நரம்புக்கு ஒரு சுரமாகக் கட்டிய கருவியால் குரலின் குழைவைத் தொடர முடியவில்லை என்பதே அதன் உட்பொருள் என நான் கொள்கிறேன்.

அதற்காகக் கீபோர்டைத் தூக்கி எறியுங்கள் என்று சொல்ல வரவில்லை. மாண்டலினும் வெளியிலிருந்து வந்ததுதான். உ. ஸ்ரீநிவாஸுக்குக் கற்பித்த ருத்ரராஜு சுப்பராஜு மாண்டலின் வாசிப்பவர் அல்லர். அவர் பாடப் பாட, சிறுவன் அதைத் தந்தியில் கொண்டுவந்தான். காது முதலில் குரலைக் கேட்டது. விரல் பிறகு வழி தேடியது.

பெற்றோர்களுக்கு நான் சொல்வது இவ்வளவே: வாசிப்பதற்கு முன் பிள்ளை அந்த வரியைப் பாடட்டும். பாடத் தெரிந்த பிள்ளைக்குக் கருவியில் எது விட்டுப்போகிறது என்பது தானாகவே தெரியும். கேட்டே அறியாததை இழந்தோம் என்று யாருக்குத் தெரியும்?