வேடமும் வேண்டுதலும்: செர்வாண்டிஸின் இறுதிப் புதினத்தில் ஒரு மரியன்னைத் திருத்தலம்

கத்தோலிக்கத் திருச்சபை 2025ஆம் ஆண்டினைப் புனித ஆண்டாகக் கொண்டாடிற்று. 2024 டிசம்பர் 24ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் உரோமையில் புனித பேதுரு பேராலயத்தின் திருக்கதவைத் திறந்து வைத்தார். அவர் மறைந்தபின் அப்பொறுப்பினை ஏற்ற பதினான்காம் லியோ 2026 சனவரி 6ஆம் நாள் அக்கதவினை அடைத்தார். அவ்வாண்டில் முதுகலை வகுப்பொன்றில் ஆற்றுப்படை நூல்களைப் பயிற்றிக்கொண்டிருந்தபொழுது மாணவர் ஒருவர் நம்மை ஒரு வினா வினவினார். ஊர் பார்க்கவும் உறவினரைக் காணவும் புறப்பட்டவன் இடையில் ஒரு திருத்தலத்தையும் வணங்கி வருவானாயின், அதனைத் திருப்பயணம் எனல் தகுமோ என்பதே அவ்வினா. அன்று நாம் கூறிய விடை நமக்கே நிறைவளிக்கவில்லை. அதன்பின், முன்பொருமுறை படித்து வைத்திருந்த நூலொன்றினை மீண்டும் எடுத்துப் படித்தோம். இக்கட்டுரை அதன் பயனாகும்.

அம்மாணவரின் வினா புதியதன்று. 1300ஆம் ஆண்டில் எட்டாம் போனிபாசு முதற்புனித ஆண்டினை அறிவித்தபொழுதே அவ்வினாவும் உடன் பிறந்துவிட்டது எனலாம். உரோமை வாழ்நர் முப்பது நாளும் வெளியூரார் பதினைந்து நாளும் பேதுரு, பவுல் ஆகியோரின் பேராலயங்களை வணங்குதல் வேண்டும் என்பது அவர் விதித்த கடப்பாடு. ஆயினும் நடந்து வந்த கால்கள் மட்டும் போதா. உண்மையான மனத்துயரும் பாவ அறிக்கையும் உடன் வேண்டும் என்றும் அவர் வரையறுத்தார். கால் நடந்ததைக் கண்ணால் கண்டு கூறலாம். மனம் நடந்ததோ என்பதை யார் காண்பார்?

நாம் எடுத்துக்கொண்ட நூல், மிகுவெல் டி செர்வாண்டிஸ் இறுதியாக எழுதிய ‘பெர்சிலெஸ், சிகிஸ்முண்டா ஆகியோரின் இன்னல்கள்’ என்னும் புதினமாகும். 1616 ஏப்பிரல் 19ஆம் நாள் அதன் உரிமையுரையினை எழுதிய ஆசிரியர் அடுத்த சில நாள்களில் மறைந்தார். நூல் 1617இல் மத்ரித் நகரில் வெளிவந்தது. ‘டான் குவிக்ஸோட்’ பெற்ற புகழில் சிறுபகுதியும் இதற்கு வாய்க்கவில்லை. வடகடல் நாடுகளிலிருந்து புறப்பட்ட காதலர் இருவர், பெரியாண்ட்ரோ, ஔரிஸ்தெலா என்று பெயர் மாற்றி, அண்ணனும் தங்கையும் எனத் தம்மைக் கூறிக்கொண்டு, கடல் பல கடந்து லிசுபனில் இறங்கி, திருப்பயணியர் உடை தரித்து உரோமையை நோக்கி நடக்கின்றனர். சமய உண்மைகளை உரோமையில் தெளிவுறக் கற்பது என ஒரு நேர்ச்சையும் சொல்லப்படுகின்றது. ஆயின் அந்நேர்ச்சையின் அடியில் இருப்பது வேறொன்று. இளவரசியை மணக்க வேண்டிய மூத்தவனிடமிருந்து இளையவனுடன் அவள் தப்பிச் செல்கின்றாள். எனவே நூலின் தலையாய திருப்பயணமே ஒரு சாக்கு எனத் திறனாய்வாளர் குறை கூறுதல் உண்டு. இக்குறை மெய்யே. அதனை மறுக்காமலே, அச்சாக்குப் பயணத்தினை ஆசிரியர் என்ன செய்தார் என்று நோக்குதல் நம் கருத்து.

அதற்கு இடமாவது மூன்றாம் பகுதியில் வரும் குவாடலூப்பே நிகழ்ச்சியாகும். மெக்சிகோவிலுள்ள அப்பெயருடைய தலத்தினை ஈண்டுக் கருதுதல் கூடாது. இது இசுபானியாவில் எசுத்திரமதுரா மலைப்பகுதியில் உள்ள பழைய தலம். 1389 முதல் 1835 வரை எரோணிமுசு சபைத் துறவியரும், 1908 முதல் பிரான்சிசுகன் துறவியரும் அதனைப் பேணிவருகின்றனர். கருநிறத் திருவுருவம் அங்கு வணங்கப்படுகின்றது. அடிமைத்தளையினின்று மீண்டோர் தம் விலங்குகளைக் கொணர்ந்து இடும் தலம் என அது பெயர் பெற்றிருந்தது. அன்னையின் அருளால் நிகழ்ந்தனவாகக் கூறப்பட்டவற்றை மடத்துத் துறவியர் ஏடு ஏடாகப் பதிந்து வைத்துள்ளனர்.

பயணியர் கோயிலுள் நுழைகின்றனர். விலையுயர்ந்த பட்டுகளும் பொன்னிழை ஆடைகளும் சுவர்களை அணிசெய்யும் என எதிர்பார்க்கின்றனர். அவர்கள் காண்பனவோ முடவர் விட்டுச்சென்ற ஊன்றுகோல்கள், பார்வை பெற்றோர் வைத்த மெழுகுக் கண்கள், கையிழந்தோர் தொங்கவிட்ட கைகள், பிழைத்தெழுந்தோர் களைந்த சவத்துணிகள். நம் நாட்டிலும் கோயில்களிலும் வேளாங்கண்ணியிலும் உறுப்புருக்களைக் காணிக்கையாக இடும் வழக்கம் உண்டாதலின், தமிழ் படிப்போர்க்கு இக்காட்சி அயன்மையுடையதாகத் தோன்றாது. ஆசிரியர் இங்கு அடுக்கிய பொருள்கள் எல்லாம் வறியன, சில அருவருப்பூட்டுவன. ஒருவருடைய பெயரும் சுவரில் இல்லை. ஒருவருடைய நற்குணமும் அங்குத் தொங்கவில்லை. ஒவ்வொருவர்க்கும் இருந்த குறை எதுவோ அது மட்டுமே அங்கு உள்ளது. வந்தவர் எந்நோக்கத்தோடு வந்தார் என்று அச்சுவர் கேட்பதில்லை. எதனை இழந்திருந்தார் என்பதனையே வைத்துக்கொள்கின்றது.

செர்வாண்டிஸின் வாழ்க்கையை அறிந்தோர் இவ்விடத்தில் சற்றே நின்று செல்வர். 1571இல் லெபாந்தோக் கடற்போரில் அவருடைய இடக்கை பயனற்றதாயிற்று. 1575 செப்டம்பரில், அதுவும் ஒரு புனித ஆண்டே, நேப்பிள்சிலிருந்து தாயகம் திரும்பும் வழியில் கடற்கொள்ளையரிடம் அகப்பட்டு அல்சியர்சில் ஐந்து ஆண்டு அடிமையாகக் கிடந்தார். உலகெங்குமிருந்து பயணியர் உரோமையின் திருக்கதவை நோக்கிச் சென்ற ஆண்டில் அவருக்குச் சிறைக்கதவு அடைபட்டது. கையிழந்தோரின் கைகளைச் சுவரில் காட்டிய பேனா இத்தகையவரின் பேனா என்பது மட்டும் போதும். வாழ்க்கையைக் கொண்டு நூலை அளக்கும் முறையில் நமக்கு உடன்பாடு குறைவு.

இனி, பெலிசியானா என்பாளின் கதை. குரலின் இனிமையால் ‘குரலுடைய பெலிசியானா’ எனப் பெயர் பெற்றவள் அவள். தந்தை குறித்த மணமகனை விடுத்து ரொசானியோ என்பானை மறைவில் கொழுநனாக ஏற்றவள். மணப்பேச்சு நிகழும் இரவிலேயே மகப்பேறு நேர, பச்சுடம்போடு வீட்டை விட்டு ஓடுகின்றாள். இடையர் ஒருவர் அவளைக் கருவாலி மரப்பொந்தில் ஆட்டுத்தோல் பரப்பி ஒளித்து வைக்கின்றார். குழந்தையைக் கொணர்ந்து காட்டியபொழுது அது தன் மகவென்று அவளால் அறிந்துகொள்ளவும் இயலவில்லை. அஞ்சிய தாய்மையினை இத்துணைக் கூர்மையாகக் காட்டிய இடம் அக்காலத்துப் புதினங்களில் அரிது. பின்னர் அவள் பயணியர் கூட்டத்தில் சேர விரும்புகின்றாள். தன் பிழைக்குக் கழுவாய் தேடுவதாகக் கூறுகின்றாள், அதுவும் உண்மை. தமையனின் வாளுக்குத் தப்ப ஓர் உடை வேண்டும், இதுவும் உண்மை. இரண்டையும் பிரித்து எடைபோட ஆசிரியர் முயலவில்லை.

குவாடலூப்பேயில் அவள் முழந்தாளிட்டுக் கைகளை மார்பில் பொருத்திக் கண்ணீர் சொரிந்து, உயிருள்ளாள் என்னும் அறிகுறியும் இன்றி, மரியன்னையைப் பாடத் தொடங்குகின்றாள். மறைந்திருக்க வேண்டியவள் பாடுகின்றாள் என்பதே இங்குக் கருதத்தக்கது. பயணியுடை அவளை மறைத்தது. வேண்டுதல் அவளைக் காட்டிக் கொடுத்தது. அக்கோயிலுக்குள் அப்பொழுதுதான் வந்த தந்தையும் தமையனும் அக்குரலை அறிந்துகொள்கின்றனர். தமையன் குறுவாளை உருவிக்கொண்டு பாய்கின்றான். தந்தை பின்னிருந்து அவனைக் கட்டிப்பிடித்து, இது தண்டனைக்குரிய இடமன்று எனத் தடுக்கின்றார். தடுத்தது அன்பினால் அன்று. இடத்தின் தூய்மை கருதியும் மகனுக்குப் பழி நேரும் என்று அஞ்சியுமே. உடனே அவளை இழுத்துக்கொண்டு வெளியேறுகின்றனர். தெருவில் முறைமன்றத்தார் தலையிட்டு அவளை மீட்கின்றனர். பின்னர் ரொசானியோ நண்பர்களோடு வந்து தன்னை வெளிப்படுத்த, பகை தணிகின்றது. இவ்விணக்கம் ஓரளவு விரைவாக முடிக்கப்பட்டுள்ளது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

அவள் பாடியது நான்கு பாடல்களே. முழுப்பாட்டையும் பின்னர் அவள் எழுதிக் கொடுத்ததாகக் கூறி, எட்டடிப் பாடல்களாக ஆசிரியர் தருகின்றார். படைப்பிற்கு முன்னரே இறைவன் திருவுளத்தில் எழுந்த இல்லமாக அன்னை பாடப்படுகின்றாள். கதையோடு தொடர்பற்ற இறையியற் சொற்கள் எனப் பலர் இதனைக் கடந்து செல்வர். முதன்முறை நாமும் அவ்வாறே கடந்தோம். மறுமுறை படிக்கையில், பாடப்படாது நின்ற பகுதியில் ஓரிடம் நம்மைத் தடுத்து நிறுத்தியது. மகனைப் பலியிட ஓங்கிய ஆபிரகாமின் கத்தியைத் தடுத்த இறைவனின் கையாக அன்னை அங்குக் குறிக்கப்படுகின்றாள். தமையனின் கை கத்தியை ஏந்தியதால் அப்பாடல் அவள் வாயில் எழவே இல்லை. பாடாத அப்பாடலே கோயில் நடுவில் நிகழ்ச்சியாகிவிடுகின்றது. சுவரில் தொங்கும் கைகள், கத்தி ஏந்திய கை, அதனைத் தடுத்த கிழவரின் கைகள், பாட்டில் வரும் இறைவனின் கை என நான்கும் ஒரே கூரையின் கீழ் வந்து கூடுகின்றன. இது தற்செயலாக அமைந்தது எனக் கொள்ள நமக்கு மனம் வரவில்லை. தடுத்த கிழவர் தூயவர் அல்லர். தம் கை எதன் கையாயிற்று என்பதை அவர் அறியவும் இல்லை.

ஆல்பன் போர்சியோன் 1972இல் வெளியிட்ட ஆய்வு நூல் இப்புதினத்தினைக் கிறித்தவ வீரகாவியமாகக் கண்டு அதன் மதிப்பினை மீட்டுத் தந்தது. அந்நெறியில் செல்வோர்க்கு உரோமையே முடிவும் முடியும் ஆகும். நாம் சற்று வேறுபடுகின்றோம். உரோமையில் ஔரிஸ்தெலா சமய உண்மைகளைக் கற்கின்றாள், சூனியத்தால் நோயுறுகின்றாள், துறவு பூணலாமோ எனத் தடுமாறுகின்றாள், இறுதியில், சாகும் மூத்தவன் பவுல் பேராலயத்தின் அருகே அவள் கையைப் பிடித்து இளையவனிடம் தருகின்றான். கற்பித்தல் நிகழ்ந்த இடம் உரோமை. ஆயின் வேடம் வேண்டுதலாக மாறிய இடம் வழியில் நின்ற மரியன்னையின் கோயிலே.

இதற்கு மாறான சான்றுகளும் நூலிலேயே உள. குவாடலூப்பேயை விட்டு நீங்கியதும் கிழப்பயணி ஒருத்தி எதிர்ப்படுகின்றாள். தொலேதோவின் அன்னை திருவுருவம், அதன்பின் ஏப்பிரல் இறுதி ஞாயிறன்று மலைமேல் நிகழும் ‘தலைக்குன்றின் அன்னை’ விழா என ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருப்பவள். வேலையற்றோர் திருப்பயணம் தன்னுடையது எனத் தானே ஒப்புக்கொள்பவள். இன்னும் சிறிது தொலைவில், அல்சியர்சில் அடிமைப்பட்டு மீண்டோம் என்று வண்ணத்துணியை விரித்துக் காட்டிப் பிச்சை ஏற்கும் மாணவர் இருவர். உண்மையாகவே அங்கு அடிமைப்பட்டிருந்த ஊர்த்தலைவர் ஒருவர் அவர்தம் பொய்யினைச் சில வினாக்களால் உடைத்தெறிகின்றார். கிழவியை நோக்கி ஆசிரியர் நகைக்கின்றார். மாணவரைப் பிடித்து, பின் விட்டுவிடுகின்றார். சாக்கு எல்லாம் தலத்தில் உண்மையாகிவிடும் என்று அவர் கருதவில்லை என்பது இதனால் தெளிவு. இழப்பு ஒன்று உள்ளே இருந்தால் மட்டுமே சாக்கு உருமாறுகின்றது.

இவ்விடத்தில் நம் ஆற்றுப்படை நினைவிற்கு வருதல் இயல்பு. புரவலனை நாடிச் செல்லும் பாணனிடம் ஆற்றுப்படுத்துவோன் மனத்தூய்மையை ஆராய்வதில்லை; பாணனின் பசியும் வறுமையுமே அவன் தகுதி. திருமுருகாற்றுப்படை அவ்வமைப்பினை இறைவன்பால் திருப்பியபொழுது, பொருள்வேட்கை வீடுபேற்று வேட்கையாயிற்று. நடக்கும் நடை மாறவில்லை. பெரியபுராணத்து மெய்ப்பொருள் நாயனாரோ, திருநீற்றுக் கோலத்தில் கத்தி மறைத்து வந்தவனையும் அக்கோலத்திற்காகவே தொழுதார். அங்கு வேடம் பொய்யாகவே நின்றது. தொழுதவரின் அன்பே மெய்யாயிற்று. குவாடலூப்பேயில் தொழப்பட்டது வேடமன்று. அணிந்தவளே அதனை மெய்யாக்கினாள், அதற்கு விலையாக உயிரையும் இழக்கவிருந்தாள். இவ்வேறுபாட்டினை நம் மாணவர் விரிவாக ஆராய இடமுண்டு.

நிகழ்ச்சி முடிந்தபின் பயணியர் நான்கு நாள் அத்தலத்தில் தங்குகின்றனர். பெலிசியானா எழுதித் தந்த பாடல்களை ஔரிஸ்தெலா பெற்றுக்கொள்கின்றாள். அவள் அவற்றைப் பொருளறிந்து கொண்டதை விடப் பெரிதாக மதித்துக்கொண்டாள் என்கின்றார் ஆசிரியர். பின்னர் அத்தாள் என்னவாயிற்று என்று நூலில் ஒரு சொல்லும் இல்லை. பயணியர் உரோமைச் சாலையில் நடையைத் தொடர்கின்றனர்.