எட்டுக் கட்டைகள்

1840ல் 'கிண்டர்கார்டன்' என்று தம் பள்ளிக்குப் பெயர் சூட்டிய ஜெர்மானியர் ஃப்ரோபெலின் மரக்கட்டைகளை ஒரு நூலைப்போலவே விமரிசனம் செய்யலாம். அவ்வளவு யோசனை அவற்றில் இருக்கிறது. மூன்றாவது பெட்டியில் இரண்டு அங்குலக் கனசதுரம். பிரித்தால் ஓரங்குலக் கனசதுரங்கள் எட்டு. நான்காவதும் அதே அளவுதான். ஆனால் பிரித்தால் எட்டுச் செங்கல்கள். சிறு கனசதுரமும் செங்கல்லும் பார்வைக்கு வேறு. மரம் என்னவோ ஒரே அளவு. பக்கத்தை இரட்டித்தால் எட்டு மடங்கு மரம் வேண்டும் என்பதையும் குழந்தை வீடு கட்டிக்கொண்டே கண்டுபிடித்துவிடும். சூத்திரம் பத்து வருஷம் கழித்து வரட்டுமே!

ஒரு கட்டையும் மிஞ்சாமல் கட்டவேண்டும் என்பது அவர் விதி. உருவம் மாறினாலும் அளவு மாறாது என்று காட்ட நல்ல விதிதான். சீடர்கள் கையில் அது டிரில் ஆயிற்று. மேஜையில் அங்குலக் கட்டம் கீறி, ஆசிரியை சொல்லச் சொல்ல, பல பள்ளிகளில் வகுப்பு முழுவதும் ஒரே நாற்காலியைக் கட்டிற்று. பிரஷ்ய அரசு 1851ல் இப்பள்ளிகளைத் தடைசெய்தது. அந்தத் தடையைவிட இந்தப் பக்திதான் அதிகக் கெடுதல் செய்தது என்பது என் அபிப்பிராயம். சொன்னபடி அடுக்குகிற குழந்தை எதையும் அளப்பதில்லை. அதற்கு முன்பே ஆசிரியை அளந்துவிட்டாளே! கட்டிடக் கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட் இக்கட்டைகளுக்குத் தாம் பட்ட கடனைச் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அவை தாயார் வாங்கித் தந்து வீட்டு மேஜையில் விளையாடியவை.