ஆடு வந்த வழி: ஜெர்மானியக் குடிவகைப் பெயர்கள்

ஜெர்மனியில் ‘பொக்’ என்றொரு கடும் பீர் உண்டு. அகராதியில் அச்சொல்லுக்குக் கிடா என்று பொருள். புட்டிகளின் மேலும் கொம்புள்ள ஆட்டுக்கிடாவே நிற்கிறது. கிடாவைப்போல் முட்டித் தள்ளும் வீரியம் உள்ளதால் வந்த பெயர் என்று விளக்கமும் சொல்வார்கள். ஆனால் இப்பெயரின் வேர் ஆட்டில் இல்லை, ஓர் ஊரில் இருக்கிறது.

வட ஜெர்மனியில் உள்ள ஐன்பெக், ஹன்சா வணிகக் கூட்டமைப்பைச் சேர்ந்திருந்த நகரம். அங்கே பீர் காய்ச்சும் உரிமை வீட்டு உரிமையாளர்களுக்கு இருந்தது. நகரத்துக்குப் பொதுவான கொப்பரை வீடுவீடாகச் செல்லும். அது நுழைவதற்கென்றே வாயில்களை உயர்த்திக் கட்டினார்கள். 1378-இல் செல்லே நகருக்கு இரண்டு பீப்பாய் விற்றதற்கான கணக்குச்சீட்டு கிடைத்திருக்கிறது. நெடுந்தொலைவு போனாலும் கெடாத கடுமை அந்தப் பீரின் சிறப்பு. 1521-இல் வோர்ம்ஸ் பேரவையில் நின்ற சமயச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூதருக்கு இந்த ஊர்ப் பீரே கொடுக்கப்பட்டதாக மரபு சொல்கிறது.

தெற்கே பவேரிய அரச குடும்பமும் இதை வரவழைத்துக் குடித்தது. வெளியே போகும் பணத்தை மிச்சப்படுத்த, 1589-இல் ஐந்தாம் வில்ஹெல்ம் கோமகன் மியூனிக்கில் அரண்மனைக்கென ஓர் ஆலையை நிறுவினார். 1614-இல் ஐன்பெக்கிலிருந்தே எலியாஸ் பிஹ்லர் என்ற காய்ச்சுநர் அங்கே அழைக்கப்பட்டார். பீர் இடம் மாறியது. பெயர் பவேரிய நாவில் ‘ஐன்பொக்’ என்று திரிந்தது. ஜெர்மானிய மொழியில் ‘ஐன்’ என்றால் ‘ஒரு’. கேட்டவர்கள் அதை ‘ஒரு பொக்’ என்று பிரித்துக்கொண்டார்கள். முன்னசை எண்ணாகிக் கழன்றது. எஞ்சிய பின்னசைக்குக் கிடா என்ற பொருள் ஆயத்தமாக இருந்தது. ஆடு புட்டியில் ஏறியது இதற்குப் பின்புதான்.

சொல்லெல்லையைத் தவறாகப் பிரிக்கும் இந்தப் போக்கு பிற மொழிகளிலும் உண்டு. ஆங்கிலத்தில் ‘நேப்ரன்’ என்றிருந்த சொல், முன்வரும் ‘எ’ என்ற சொல்லுக்கு ‘ந்’ ஒலியைக் கொடுத்துவிட்டு ‘ஏப்ரன்’ ஆயிற்று. ‘ஆரஞ்சு’ என்பதும் ஐரோப்பாவில் முதலில் இருந்த ‘ந்’ ஒலியை இழந்த சொல். அதன் தொல்வேர் நம் ‘நாரத்தை’யோடு உறவுடைய திராவிடச் சொல் என்று மொழியறிஞர் பலர் கருதுகின்றனர்.

ஊர்ப்பெயர் குடிவகைக்கு ஆவது ஜெர்மானிய மொழியில் பெருவழக்கு. ஊரின் பெயரோடு ‘எர்’ விகுதி சேர்ந்தால் அவ்வூருக்கு உரியது என்று பொருள். பொஹீமியாவின் பில்சன் நகரில் 1842-இல் யோசஃப் குரோல் காய்ச்சிய பொன்னிறப் பீர் ‘பில்ஸ்னர்’ ஆனது. ஹெஸ்ஸே மாநிலத்து செல்ட்டர்ஸ் ஊற்றின் நீர் களிமண் குடுவைகளில் தொலைநாடுகளுக்குப் போனது. அவ்வூர்ப் பெயரே ஆங்கிலத்தில் ‘செல்ட்சர்’ ஆயிற்று.

செயலிலிருந்து பிறந்த பெயர்களும் உண்டு. ‘ஷ்னாப்ஸ்’ வடஜெர்மானியப் பேச்சுச் சொல். அதன் வேர்வினைக்குச் சட்டென்று கவ்வுதல் என்று பொருள். ஒரே மடக்கில் விழுங்கும் அளவைக் குறித்த சொல், பிறகு அந்தச் சாராயத்துக்கே பெயரானது. ‘லாகர்’ என்றால் கிடங்கு. 1553-இல் பவேரியாவில் ஏப்ரல் 23 முதல் செப்டம்பர் 29 வரை பீர் காய்ச்சத் தடை வந்தது. வேனிலுக்கான பீரைக் குளிர்காலத்திலேயே காய்ச்சி, குளிர்ந்த நிலவறைகளில் இருப்பு வைத்தார்கள். அந்த இருப்பின் நினைவே இப்பெயர்.

ஊர், மடக்கு, கிடங்கு ஆகிய மூன்றையும் அகராதிப் பொருளை மட்டும் வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. வாணிகக் கணக்கையும் வட்டாரப் பேச்சொலியையும் சேர்த்துப் பார்த்தால்தான் வேர் தெரியும். மக்கள் கட்டிய ஆட்டுக் கதையைப் பிழை என்று ஒதுக்கவும் கூடாது. பொருள் இழந்த ஒலிக்கு அவர்கள் புதுப் பொருள் கொடுத்து அதை வாழவைத்தார்கள். சொல்லாய்வு செய்வோர் இரண்டு வரலாறுகளையும் பதிவுசெய்ய வேண்டும்: சொல் எங்கிருந்து வந்தது என்பதை முதலில், மக்கள் அதை என்னவாகக் கேட்டார்கள் என்பதை அடுத்து. ஐன்பெக்கில் இன்றும் பொக் காய்ச்சுகிறார்கள்.