நடுநிலை எந்நாளில் முடிந்தது?

மைக்கேல் வால்சர் 1977-இல் வெளியிட்ட, நீதியான போரையும் அநீதியான போரையும் பற்றிய நூல், கிறிஸ்தவ அறநெறி பயிலும் மாணவர் கைகளில் நெடுங்காலமாக இருந்து வருகிறது. அதனால் விளைந்த பயன் பெரிது. ஆயினும் அந்நூலில் நம் நாட்டைப் பற்றி வரும் சில பக்கங்களை நாம் சற்று எளிதாகவே ஏற்றுக்கொண்டுவிட்டோம் என்று எண்ணத் தோன்றுகிறது. துன்புறும் அயல்நாட்டு மக்களை மீட்கும் பொருட்டு ஒரு நாடு படையுடன் புகுதல் தகுமா என்ற வினாவுக்கு, இந்தியா 1971-இல் கிழக்குப் பாக்கிஸ்தானில் புகுந்ததை அவர் நல்லதோர் எடுத்துக்காட்டாக வைக்கிறார். நம்மைப் புகழ்ந்துரைக்கும் பக்கங்களையே நாம் கூடுதல் எச்சரிக்கையோடு வாசிக்கவேண்டும்.

வால்சர் இந்தியாவின் நோக்கம் தூயது என்று சொல்லவில்லை. பகை நாடு பலவீனப்படும் என்ற கணக்கும் இருந்தது என்பதை அவர் மறைக்கவில்லை. ஆனால் பல நோக்கங்களும் ஒரே வழியில் வந்து கூடின. அவ்வழி வங்காள மக்களே வேண்டிக்கொண்ட வழியாகவும் இருந்தது. படை விரைவில் புகுந்து விரைவில் வெளியேறியது. புதிய நாட்டின்மேல் தன் ஆட்சியைச் சுமத்தவில்லை. ஆகவே அது மீட்புச் செயல் என்பது அவர் முடிபு. மனித இயல்பின் வீழ்ச்சியை அறிக்கையிடும் நமக்கு இது ஏற்புடையதே. கலப்பற்ற நோக்கமுள்ள அரசு ஒன்று தோன்றட்டும் என்று காத்திருப்பவர், எரிகோ சாலையில் கிடந்தவனை விட்டு விலகிப்போன லேவியனைக் குறைகூற இயலாது.

நாம் அவரோடு வேறுபடுவது பிறிதோர் இடத்தில். அவருடைய கண் டிசம்பர் மாதத்தின்மீதே நிற்கிறது. போர் டிசம்பரில் வந்தது. நடுநிலையோ அதற்கு வெகு முன்னரே முடிந்துவிட்டது. மார்ச்சு 25-ஆம் நாள் இரவு டாக்காவில் படுகொலை தொடங்கிற்று. 31-ஆம் நாள் நம் நாடாளுமன்றம் வங்காள மக்களுக்கு ஆதரவு தெரிவித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. ஏப்ரல் 17-இல் எல்லையோரச் சிற்றூர் ஒன்றில் பதவியேற்ற வங்கதேசத் தற்காலிக அரசு கல்கத்தாவிலிருந்தே இயங்கியது. முக்தி பாஹினி வீரர்கள் நம் மண்ணில் பயிற்சி பெற்றனர். ஆகஸ்டு 9-இல் அணிசேரா நாடாகிய நாம் சோவியத்து நாட்டோடு உடன்படிக்கை செய்துகொண்டோம். (அணிசேராமை வேறு, நடுநிலை வேறு என்று நேரு பலமுறை விளக்கியதை நம் மேடைப் பேச்சாளர்கள் இன்றும் மறந்துவிடுகின்றனர்.) இதற்கிடையில் ஏறத்தாழ ஒரு கோடி அகதிகள் எல்லை கடந்து வந்தனர். நவம்பர் மூன்றாம் வாரத்தில் நம் படைகள் சில இடங்களில் எல்லையைத் தாண்டியிருந்தன. டிசம்பர் 3-இல் பாக்கிஸ்தான் விமானங்கள் நம் விமானத் தளங்களைத் தாக்கியபோது, ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த ஒன்றுக்குப் போர் என்ற பெயர் கிடைத்தது; அவ்வளவே.

ஏப்ரலிலேயே போரிட அரசு விரும்பியதென்றும், தளபதி மானெக்சா மறுத்து அவகாசம் கேட்டாரென்றும் ஒரு கதை நம் பிரசங்கங்களில்கூட உவமையாக வருவதுண்டு. ஸ்ரீநாத் ராகவன் 2013-இல் வெளியிட்ட 1971 பற்றிய வரலாற்று நூல் அக்கதையை ஐயுறுகிறது. அந்நாளில் அரசியல் தலைவர்களே போரை விரும்பவில்லை என்று காட்டுகிறது. நல்ல உவமை ஒன்றை இழக்க எந்தப் போதகருக்கும் மனம் வராது. எனினும் இழக்கத்தான் வேண்டும். ஒரு நாடு போரில் புகுவது ஒருவருடைய ஆணையால் ஒரே நாளில் நிகழ்வது என்னும் தவறான எண்ணத்தை அக்கதை வளர்க்கிறது.

இவ்விடத்தில் ஒபதியாவின் சிறு நூல் வால்சரைவிட நமக்குத் தெளிவாக உதவுகிறது. ஏதோம் முதலில் எதிரே நின்றது. அந்நியர் எருசலேமின்மேல் சீட்டுப் போட்டபோது ஒதுங்கி நின்றதனாலேயே அவர்களில் ஒருவன்போல் ஆயிற்று என்கிறார் தீர்க்கதரிசி. அதன்பின் நடந்தவற்றை அவர் ஒவ்வொன்றாக எடுத்துரைக்கிறார். நின்றவன் பார்த்து மகிழ்ந்தான், பின் வாசலுக்குள் புகுந்தான், பொருளில் கைவைத்தான், கடைசியில் வழிச்சந்தியில் நின்று, தப்பியோடி வந்தவர்களை வெட்டினான். நடுநிலை ஓரிடத்தில் நிலைத்து நிற்பதன்று, ஏதேனும் ஒரு பக்கமாக நகர்ந்துகொண்டே இருப்பது என்பதை இப்பகுதி காட்டுகிறது. எப்பக்கம் நகர்ந்தது என்பதை அறிய ஒபதியா தரும் அடையாளம் வழிச்சந்தி. தப்பி வந்தவனுக்கு அங்கே என்ன செய்யப்பட்டது என்பது. 1971-இல் இந்தியா அவ்வழிச்சந்தியைத் திறந்துவைத்தது. டிசம்பர் 7-இல் ஐக்கிய நாடுகளின் பொதுச்சபையில் 104 நாடுகள் போர்நிறுத்தமும் படை விலகலும் கோரி வாக்களித்தன. 11 நாடுகள் எதிர்த்தன. அந்த 104-இல் பல, எட்டு மாதங்களாக எதிரே நின்றவை.

இவ்வளவில் நிறுத்தினால் நாம் மீண்டும் நம்மையே புகழ்ந்தவர்களாவோம். தமிழ்நாட்டுத் திருச்சபை நினைவில் கொள்ளவேண்டிய வேறொரு போர் உண்டு. 1983-க்குப்பின் இலங்கையிலிருந்து அகதிகள் இராமேசுவரம் கரைக்கு வந்தனர். போராளிகள் நம் மண்ணில் பயிற்சி பெற்றனர். 1987 ஜூன் 4-இல் நம் விமானங்கள் யாழ்ப்பாணத்தில் உணவுப்பொருள் போட்டன. ஜூலை 29-இல் உடன்படிக்கை. இதுவரை அடிகள் 1971-ஐப் போன்றவையே. ஆனால் அமைதி காக்கச் சென்ற படை அக்டோபரில், யாருக்காகச் சென்றதோ அம்மக்களின் நடுவிலேயே போரிட்டது. அம்மாதம் யாழ்ப்பாண மருத்துவமனையில் நோயாளிகளும் மருத்துவரும் செவிலியரும் கொல்லப்பட்டனர். 1990 மார்ச்சில் படை திரும்பியபோது நம் வீரர்கள் ஏறத்தாழ 1,200 பேர் மாண்டிருந்தனர். வால்சர் சொன்ன நோக்கங்களின் கூடல் இங்கே நிகழவில்லை. கொழும்பு ஒன்றை வேண்டியது, டில்லி மற்றொன்றை, யாழ்ப்பாணம் வேறொன்றை. புகுவதற்கான காரணத்தின் நீதியை மட்டும் ஆராயும் அறநெறி, இவ்விரு போர்களையும் வேறுபடுத்திக் காணவே இயலாது. வெளியேறும் நாளையும் வால்சர் கணக்கில் சேர்த்தார் என்பதே அவருடைய வாதத்தின் வலிமை. அவ்வாசலுக்கு இட்டுச்செல்லும் மறைவான மாதங்களைச் சேர்க்காததே அதன் குறை.

வங்கத்து அகதிகளில் பெரும்பாலோர் போர் முடிந்த சில மாதங்களுக்குள் வீடு திரும்பினர். பசுமலையிலிருந்து திருமங்கலம் செல்லும் வழியில் உச்சபட்டி முகாம் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் பாக்கிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்னும் மூன்று நாடுகளின் பெயர்கள் உள்ளன. இலங்கையின் பெயர் இல்லை. 1971 வெற்றியைப் பற்றிப் பிரசங்கிக்க விரும்பும் மாணவர்கள், அதற்கு முந்திய ஞாயிறு ஒருமுறை அங்கே போய்வரட்டும்.