தொண்டையும் காலும்

வேடசந்தூர்ப் பக்கம் காளியம்மன், மாரியம்மன் திருவிழா என்றால் ஒரு ராத்திரி ‘ஆடலும் பாடலும்’ இருந்தாக வேண்டும். காவல்துறை அனுமதி மறுத்தால் உயர்நீதிமன்ற மதுரைக் கிளைவரை போய், ஆபாசம் கூடாது என்ற நிபந்தனையோடு உத்தரவு வாங்கிவரும் ஊர்களும் உண்டு. தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் மாட்டினால் எம்.ஜி.ஆர். வந்துவிடுவார். முடியைக் கோதினால் ரஜினி. பாட்டு பெட்டியிலிருந்து வரும்; ஆள் வாயசைப்பார். விடிந்தால் மில் வேன் வந்துவிடும் என்று தெரிந்தும் சனம் உட்கார்ந்திருக்கும். இத்தனை வருஷத்தில் பழைய நகைச்சுவை நடிகர் சந்திரபாபுவின் வேஷம் கட்டி ஒருவர் மேடையேறி நான் பார்த்ததில்லை.

வேஷம் கட்ட முடியாது என்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன். மற்றவர்களுக்கு உடம்பு ஒன்று, குரல் இன்னொன்று. உடம்பை மட்டும் நகலெடுத்தால் போதும். சந்திரபாபுவுக்குத் தொண்டையும் காலும் ஒரே ஆளுடையவை. அதுவே அவருடைய பெரிய பலம். சினிமா அதைப் பயன்படுத்திய விதத்தில்தான் கோளாறு.

1927இல் தூத்துக்குடியில் பிறந்து, கொழும்பில் வளர்ந்து, சென்னைக்கு வந்து, வாய்ப்புக்காக ஜெமினி ஸ்டுடியோவில் உயிரையே பணயம் வைத்தவர். அதன் பிறகே 1952இல் ‘மூன்று பிள்ளைகள்’ படத்தில் இடம் கிடைத்தது. இந்தக் கதையும் திருமண முறிவும் காரோடு மாடிக்கு ஏறும் வீடும் நம் பத்திரிகைகளில் நூறு தடவை வந்தாயிற்று. எப்படிப் பாடினார் என்று எழுதியவர்கள் குறைவு.

தமிழ் சினிமாவில் பாடுபவரும் நடிப்பவரும் ஒரே ஆளாக இருந்த காலம் ஒன்று இருந்தது. தியாகராஜ பாகவதர், சின்னப்பா, நகைச்சுவைக்கு என்.எஸ். கிருஷ்ணன். 1938இல் ஏ.வி. மெய்யப்பன் ‘நந்தகுமார்’ படத்தில் இரவல் குரலைக் கொண்டுவந்த பிறகு அந்தக் கட்டு மெல்ல அவிழ்ந்தது. ஐம்பதுகளில் நாயகர்களுக்கு டி.எம். சௌந்தரராஜன் என்பது வழக்கமாகிவிட்டது. பானுமதி தன் பாட்டைத் தானே பாடினார். வைஜயந்திமாலா ஆடினார், குரல் பிறருடையது. ஆடவும் பாடவும் ஒரே ஆள் என்று அந்தச் சமயத்தில் துணிந்து நின்றவர் சந்திரபாபு.

அவர் குரல் சங்கீதக் குரலில்லை. கமகம் கிடையாது, மேல் ஸ்தாயியில் நின்று விளையாடுகிற தெம்பும் இல்லை. கொட்டகையின் கடைசி வரிசைக்கும் எட்ட வேண்டும் என்று திறந்து பாடும் நாடக மரபிலிருந்து வந்ததல்ல அது. மைக்குக்குப் பக்கத்தில் நின்று பேசுகிற குரல். ‘மணமகன் தேவை’யில் (1957) ஜி. ராமநாதன் அமைத்த ‘பம்பரக் கண்ணாலே’ பாட்டைக் கேளுங்கள். கர்நாடக ராகங்களில் ஊறிய அந்த இசையமைப்பாளர், மேல்நாட்டு நடனத் தாளத்தை இந்தக் குரலை நம்பித்தான் எடுத்திருப்பார். சொல்லை எங்கே வெட்டுகிறார், எங்கே இழுக்கிறார் என்று கவனித்தால் அந்த இடத்தில் கால் திரும்புவது கண்ணை மூடினாலும் தெரிகிறது. ‘மரகதம்’ (1959) படத்தில் ஜமுனாராணியோடு பாடிய ‘குங்குமப்பூவே’யிலும் இதே சங்கதி. தொண்டையை உடைத்து மேலும் கீழும் தாவுகிற யோடலிங்கை அவர் பாடியபோது அது குரலால் போட்ட குதியாகவே இருந்தது.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அவரும் பாட்டை முதலில் பதிவு செய்துவிட்டு, பிறகு படப்பிடிப்பில் வாயசைத்து ஆடியவர்தான். ஹாலிவுட்டிலும் ஜீன் கெல்லி செய்தது அதுவே. இரவல் குரலைக் கேலி செய்து 1952இல் வந்த ‘சிங்கிங் இன் த ரெய்ன்’ படத்திலேயே நாயகி டெபி ரெனால்ட்ஸுக்குச் சில இடங்களில் வேறொருவர் பாடியிருக்கிறார்! ஆகவே ஆடிக்கொண்டே பாடினார் என்று சந்திரபாபுவைப் புகழ்வது சரியில்லை. ஆடப்போகிறவன் பாடினான் என்பதே சரி. மூச்சை எங்கே விட வேண்டும் என்று அவனுக்குப் பதிவுக் கூடத்திலேயே தெரியும்.

இதைச் சோதித்துப் பார்க்க ஒரு படம் இருக்கிறது. 1954இல் வந்த ‘பெண்’ணில் வீணை எஸ். பாலசந்தருக்குச் சந்திரபாபு பின்னணி பாடினார். பாலசந்தர் லேசுப்பட்ட கலைஞர் அல்லர், தாளம் தெரியாதவரும் அல்லர். இருந்தும் எனக்கு அங்கே குரல் ஒரு அடி முன்னால் போகிறது, உடம்பு பின்னால் ஓடி வருகிறது. அறுபதுகளில் பேரெடுத்த நாகேஷ் மகா ஆட்டக்காரர், அவருக்கோ ஏ.எல். ராகவன் முதலானோர் பாட வேண்டியிருந்தது.

இனிக் குறை. 1959இன் ‘சகோதரி’யை எடுத்துக்கொள்வோம். பீம்சிங் படத்தை முடித்த பிறகு, இது ஓடாது என்று பயந்த ஏ.வி. மெய்யப்பன், சந்திரபாபுவைப் பால்காரனாக்கித் தனியாக ஒரு பகுதி எடுத்து உள்ளே சேர்த்தார். ‘நான் ஒரு முட்டாளுங்க’ பாட்டு அப்படி வந்ததுதான். படம் பிழைத்தது. சந்திரபாபுவின் வெற்றிக்குச் சான்றாக இதை எல்லோரும் சொல்வார்கள். எனக்கு இது அவருடைய அவலத்துக்கும் சான்று. முடிந்த படத்தில் சேர்க்க முடிகிறதென்றால் எடுத்துவிடவும் முடியும். அவர் ஆடிய பாட்டுகளில் பெரும்பாலானவை கதையை ஓரடி நகர்த்துவதில்லை. பந்தியில் ஊறுகாய் மாதிரி: ருசி இலையில் உள்ள எல்லாவற்றையும்விடக் கூடுதல், வயிறு நிறைவது அதனால் இல்லை. இரட்டை வேடத்தில் ரிக்‌ஷாக்காரராகவும் வந்து சிவாஜிக்கு ஈடுகொடுத்த ‘சபாஷ் மீனா’ (1958) போல, பாத்திரமே அவர் கையில் இருந்த படங்கள் சில.

அதைவிடப் பெரிய குறையை அவர்மேல் மட்டும் ஏற்ற முடியாது. மேல்நாட்டுப் பாணியில் இடுப்பை வளைத்து ஆடுபவன் கோமாளி என்று ஒரு தலைமுறை ரசிகர்கள் மனத்தில் பதிந்தது இந்தப் பாட்டுகளால்தான். நாயகன் நிமிர்ந்து நின்று தத்துவம் பாடுவான், கோமாளி ஆடுவான். ஆட்டத்தைச் சிரிப்போடு சேர்த்துக் கட்டிவிட்டதால், அந்த உடம்பில் வேறு என்ன உணர்ச்சி இருந்தது என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. அவரும் சில படங்களில் ஒரே சேட்டையைத் திரும்பத் திரும்பச் செய்து அந்தக் கட்டை இறுக்கிக்கொண்டார்.

நாயகனாக வேண்டும் என்ற ஆசை அவரை வேறு பக்கம் இழுத்தது. கண்ணதாசன் தயாரித்த ‘கவலை இல்லாத மனிதன்’ (1960) அவரை நாயகனாக்கியது. படம் போனது, அதில் அவர் பாடிய சோகப்பாட்டு நின்றது. ‘அன்னை’ (1962), ‘ஆண்டவன் கட்டளை’ (1964) பாட்டுகளும் அந்த வகையே. கசப்பைச் சிரித்துக்கொண்டே சொல்கிறவை. இவற்றைப் பலர் அவருடைய உச்சம் என்பார்கள். எனக்கு அவ்வளவு உடன்பாடில்லை. சொல் அருமை, குரலில் உண்மை இருக்கிறது. ஆனால் தன்னிரக்கம் கொஞ்சம் கூடுகிறது, கால் ஓய்ந்துவிடுகிறது. எம்.ஜி.ஆரை வைத்துத் தொடங்கிய ‘மாடி வீட்டு ஏழை’ பாதியில் நின்றது. தானே இயக்கிய ‘தட்டுங்கள் திறக்கப்படும்’ (1966) படமும் கைகொடுக்கவில்லை. 1974இல் இறந்தபோது வயது 46.

ஐம்பதுகளின் அந்த ஏழெட்டு ஆட்டப் பாட்டுகளை வைத்துத்தான் நான் அவருக்கு மதிப்பெண் போடுவேன். அவற்றில் அவர் தமிழுக்கு ஒரு புதுப் பேச்சுத் தாளம் தந்தார். அதன்பின் நம் மேடைகள் அந்த வழியில் போகவில்லை. தொண்டையை ஒலிபெருக்கிக்கும் காலை ஆட்டக்காரருக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டோம்.

ஆடல் பாடல் குழுக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த திருவிழாவில் ஒரே ஒரு பாட்டுக்கு மட்டும் பெட்டியை நிறுத்திவிட்டு, ஆடுகிற பிள்ளையையே பாடச் சொல்லுங்கள். மூச்சு வாங்கினால் வாங்கட்டும்.